நீரை ஒழித்த பிறகே இயக்குக

நாற்பது ஆண்டுகள் குளிர்சாதனத் துறையில் பணியாற்றிய ஒருவன், தன் வாழ்நாளில் மிகுதியாகச் சிந்தித்த பொருள் எது என்று கேட்கப்பட்டால், வாயுவின் அழுத்தம், வெப்பக் கணக்கு என்று மதிப்புக்குரிய ஏதாவது ஒன்றைச் சொல்லவே விரும்புவான். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் நான் மிகுதியாகச் சிந்தித்ததும், அதைவிட மிகுதியாக வெட்கப்பட்டதும் ஒரு முழ நீளமுள்ள வளைந்த குழாயைப் பற்றித்தான்.

சென்ற மாதம் எங்கள் பழைய நிறுவனத்தைச் சேர்ந்த இளம் பொறியாளர்கள் இருவர் என்னைப் பார்க்க வந்தனர். கையில் ஒரு புதிய சாதனம். வளைகுழாய்க்குப் பதிலாக, உள்ளே ஒரு சிறு பந்து வைத்த உருளை. நீர் வற்றினாலும் பந்து வாயை அடைத்துக்கொள்ளுமாம்.

"இனிமே யாரும் தண்ணி ஊத்தணும்னு இல்ல சார். உங்க காலத்துல இதுக்கு என்ன செஞ்சீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"பலகை எழுதி வைத்தேன்" என்றேன்.

இருவரும் பணிவாகச் சிரித்தனர். அந்தப் பலகையில் நான் என்ன எழுதினேன் என்று தெரிந்திருந்தால் பணிவை விட்டுவிட்டே சிரித்திருப்பார்கள். நிறுவனத்தின் இதழுக்கு அதை எழுதித் தரும்படி கேட்டார்கள். எழுதுகிறேன்.

துறைக்குப் புறம்பானவர்களும் படிக்கக்கூடும் என்பதால் முதலில் குழாயைச் சொல்லிவிடுகிறேன். குளிர்ந்த நீர் வைத்த செம்பு வெளியே வியர்ப்பதைப் போல, குளிர்சாதனத்தின் செப்புச் சுருளும் வியர்க்கும். அந்த நீரைப் பிடிக்க அடியில் ஒரு தட்டு. தட்டிலிருந்து வெளியே ஒரு குழாய். இதுவரை சிக்கல் இல்லை. ஆனால் சுருளுக்கு அப்பால் ஒரு விசிறி இருந்து காற்றை இழுக்கிறது. அது சுருளின் வழியே வரும் காற்றை மட்டும் இழுத்தால் போதும் என்பது நம் விருப்பம். விசிறிக்கு அப்படி ஒரு கட்டுப்பாடு இல்லை. திறந்து கிடக்கும் குழாயின் வழியாகவும் இழுக்கும். காற்று மேலே ஏறும்போது நீர் கீழே இறங்காது. தட்டு நிரம்பும், நீர் தெறிக்கும், விசிறி அதை அள்ளிக்கொண்டுபோய் அறைக்குள் தூவும். கூடவே சாக்கடையின் நாற்றத்தையும் கொண்டுபோகும். இதைத் தடுக்கத்தான் குழாயை ஒரு முறை கீழே வளைத்து மேலே தூக்குகிறோம். அந்த வளைவில் நிற்கும் நீரே காற்றுக்குக் கதவாகிறது. ஆங்கிலத்தில் ட்ராப் என்பார்கள். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை: விசிறியை ஓட்டுவதற்கு முன் வளைவில் நீர் இருக்க வேண்டும். இல்லையென்றால் நாம்தான் ஊற்ற வேண்டும்.

நான் இயற்பியலில் பட்டம் பெற்றவன். சென்னையில் இரண்டு ஆண்டுகள் பயிற்சி. அந்த இரண்டு ஆண்டுகளில் நான் கற்றவற்றை ஒரு அஞ்சலட்டையில் எழுதிவிடலாம்; கற்றுவிட்டதாக எண்ணிக்கொண்டவற்றுக்குத்தான் நோட்டுகள் தேவைப்படும். பிறகு, பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவிலிருந்த ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் அறைக்கு எங்கள் நிறுவனம் குளிர்சாதனம் அமைத்தபோது, ஓராண்டு உத்தரவாதக் காலம் முழுதும் உடனிருந்து பார்த்துக்கொள்ள என்னை அனுப்பினார்கள். காரணம், நான் அந்தப் பக்கத்துக் கிராமத்தவன். தமிழ், மலையாளம் இரண்டும் தெரிந்தவன். உண்மையில் எனக்கு ஒரு மொழிதான் தெரியும் என்றும், மற்றொன்று எங்கள் ஊரில் வழங்கவே இல்லை என்றும் நிறுவுவதில் நான் அப்போது மும்முரமாக இருந்தேன்.

எல்லைப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலம் அது. எங்கள் தாலுகா தமிழ்நாட்டோடு சேருமா, மலையாள நாடான இந்தப் பக்கமே நிற்குமா என்று ஊரே இரண்டுபட்டுக் கிடந்தது. போராட்டத்தை நான் இங்கே கேலி செய்யவில்லை. அதில் அடிபட்டவர்களையும் சிறை சென்றவர்களையும் நேரில் அறிவேன். கேலிக்குரியவன், அதன் ஓரத்தில் ஒரு நோட்டுப்புத்தகத்தோடு அலைந்த நான்தான். என் பங்கு சொல் சேகரிப்பு. வீடுவீடாகப் போய், அன்றாடப் பொருள்களை என்ன பெயரால் அழைக்கிறார்கள் என்று கேட்டுக் குறித்து, இவ்வூர்களின் வழக்கு தமிழே என்று எல்லைக் குழுவுக்கு மனு எழுத வேண்டும். முதல் வீட்டிலேயே, "குடத்தில் இருப்பது என்ன?" என்று கேட்டேன். "வெள்ளமாக்கும்" என்றாள் அந்த அம்மாள். நான் "தண்ணீர்" என்று எழுதிக்கொண்டேன். மூன்றாவது வீட்டுக்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்பதையே விட்டுவிட்டேன். எதிலும் பின்விளைவை எண்ணிப் பார்ப்பவன் என்று எனக்கு நல்ல பெயர் இருந்தது. தாளின் நடுவே கோடு கிழித்து, இடப்புறம் நன்மை, வலப்புறம் தீமை என்று எழுதாமல் நான் சட்டைகூடத் தைத்ததில்லை. இந்த ஒரு திருத்தத்துக்கு மட்டும் கோடு கிழிக்கத் தோன்றவில்லை.

இயந்திரத்தை முதன்முறை ஓட்டிக் காட்ட எங்கள் தலைமைப் பொறியாளர் கோதண்டராமன் சென்னையிலிருந்து வந்தார். ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் பெயர் அவருக்குத் தெரியும், ஆனாலும் "மிஸ்டர் பி.எஸ்ஸி." என்றுதான் அழைப்பார். எங்கே போனாலும் ஒரு பித்தளைக் கூஜாவில் குடிநீர் கொண்டுவருவார். விசிறியின் உறிஞ்சலை, சிவப்பு மை கலந்த நீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயால் அளந்தார். நீர் இரண்டு அங்குலம் ஏறியது. பிறகு வளைகுழாயின் ஆழத்தை அடிக்கோலால் அளந்தார். நான்கு அங்குலம் இருந்தது. "ரெண்டு இழுத்தா நாலு தாங்கும். ரெண்டு இழுத்து ரெண்டே இருந்தா, கதவைச் சாத்தி தாழ்ப்பாள் போடாத மாதிரி" என்றார். பிறகு கூஜாவைத் திறந்து, பாதி நீரை வளைகுழாயின் மேல்வாயில் மெல்ல ஊற்றி, அது களக் களக்கென்று இறங்கி அடங்கும்வரை காதைக் கொடுத்துக் கேட்டு, மீதிப் பாதியைத் தான் குடித்தார்.

"முதல்ல அதுக்கு, அப்புறம் நமக்கு" என்றார்.

உறிஞ்சல் அழுத்தத்தைக் குறித்து நான் ஒரு நீண்ட ஐயத்தை எழுப்பினேன். பொறுமையாகக் கேட்டார். "மிஸ்டர் பி.எஸ்ஸி., நீங்க யோசிச்சு முடிச்சதும் ஒரு குரல் குடுங்கோ. நான் அதுக்குள்ள ஸ்விட்சைப் போட்டுடறேன்."

இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள ஆஸ்பத்திரி அமர்த்தியிருந்தவர் தங்கையன். அதற்குமுன் அங்கே துணி அவிக்கும் கொதிகலனைப் பார்த்துக்கொண்டிருந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கோதண்டராமன் கிளம்பும்போது, இயக்கும் முறையைப் பலகையில் எழுதிவைக்கச் சொன்னார். "யார் ஓட்டறாளோ அவா பாஷையிலே இருக்கட்டும்" என்று தங்கையனையே சொல்லச் சொன்னார். தங்கையன் சொல்ல, நான் சாக்கட்டியால் எழுதினேன்:

"வளைஞ்ச கொழல்ல வெள்ளம் ஒழிச்ச பொறவே பேன் போடணும்."

கோதண்டராமனுக்குப் புரியவில்லை. "ஒழிக்கறதா?" என்று கேட்டார். தங்கையன் கூஜாவைக் கவிழ்ப்பதுபோல் கையால் காட்டினார். "இப்பிடி ஒழிக்கணும் சாறே." கோதண்டராமன் தலையை ஆட்டிவிட்டு ரயிலுக்குப் புறப்பட்டார்.

அவர் போன மறுநாள் நான் பலகைக்கு வண்ணம் அடிக்க உட்கார்ந்தேன். சாக்கட்டி எழுத்தைப் பார்க்கப் பார்க்க மனம் கூசிற்று. நாளை எல்லைக் குழுவினர் ஆஸ்பத்திரியைப் பார்வையிட வந்தால்? தமிழ் வழங்கும் ஊரின் முக்கியமான இயந்திரத்தின் மேல் "வெள்ளம்" என்றா இருப்பது? தமிழனுக்கு வெள்ளம் என்பது ஊரை அடித்துப்போவதல்லவா? ஆகவே திருத்தினேன். "கொழல்" குழாயாயிற்று. "பொறவு" பிறகாயிற்று. "பேன்" விசிறியாயிற்று. "வெள்ளம்" நீராயிற்று. இலக்கணம் விடுபட்டுவிடக் கூடாதென்று இரண்டாம் வேற்றுமை உருபையும் சேர்த்தேன். பச்சைத் தளத்தில் வெள்ளை எழுத்துகளில் அச்சடித்தாற்போல் வந்தது:

"வளைகுழாயில் நீரை ஒழித்த பிறகே விசிறியை இயக்குக."

தங்கையன் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "நல்ல எழுத்தாக்கும் சாறே" என்றார். எனக்கும் அதில் குறை தெரியவில்லை. நானும் அவரும் பிறந்த ஊரில் காப்பியைக் கோப்பையில் ஒழிப்பார்கள். குழம்பைச் சோற்றில் ஒழிப்பார்கள். அது மலையாளத்திலிருந்து வந்து எங்கள் நாக்கில் குடியேறிய பொருள். நான் களைந்தெறிந்த நான்கு சொற்களும் என் கண்ணில் பட்டவை. கண்ணில் படாத ஐந்தாவதோ என்னுடையதாகவே இருந்தது. "வெள்ளம் ஒழிச்ச" என்று இருந்தவரை, எந்த ஊர்க்காரரும் அதை எல்லையோரப் பேச்சு என்று அடையாளம் கண்டு அர்த்தம் கேட்டிருப்பார். நான் அதற்கு நல்ல தமிழ்ச் சட்டையை மாட்டிவிட்டேன். இப்போது அதைப் படிப்பவர் யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை.

ஆறு மாதம் ஒன்றும் நேரவில்லை. தங்கையன் பலகையைப் படித்து வேலை செய்யவில்லை. வேலையைத் தெரிந்து செய்தார். வாரத்தில் மூன்று நாள்தான் ஆபரேஷன். இடைநாள்களில் வளைவிலுள்ள நீர் குறைந்துபோகும். ஒவ்வொரு முறையும் ஒரு செம்பு நீர் ஊற்றிவிட்டுத்தான் ஸ்விட்சைத் தொடுவார்.

பிறகு அவர் மனைவி செல்லத்தாய்க்குப் பேறுகாலம் நெருங்கியது. பூவார்ப் பக்கத்தில் அவள் தாய்வீடு. தங்கையன் ஒரு வாரம் விடுப்பெடுத்துக்கொண்டு போனார். முதல் இரண்டு பிள்ளைகளும் தங்காமல் போனவை. "இதாவது தங்கணும் சாறே" என்று மட்டும் போகும்போது சொன்னார்.

அவருக்குப் பதிலாக வந்தவர் முத்தையா. திருநெல்வேலிப் பக்கத்துப் பருத்தி அரவை ஆலையில் இயந்திரம் ஓட்டியவர். சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்பவர். அவருக்கு நான் எல்லாவற்றையும் செய்துகாட்டியிருக்க வேண்டும். எனக்கு அன்று கள்ளிக்காட்டுப் பக்கம் சொல் சேகரிக்கப் போக வேண்டியிருந்தது. பலகையைக் காட்டி, "எல்லாம் அதிலேயே இருக்கிறது. அதன்படி செய்தால் போதும்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினேன்.

இரண்டு நாள் கடையடைப்பு. ஆபரேஷன் எதுவும் இல்லை. மூன்றாம் நாள் பிற்பகலில் செல்லத்தாயைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். வலி கண்டு ஒரு நாள் ஆகியிருந்தது. பிள்ளை குறுக்கே கிடந்தது. திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோகத்தான் புறப்பட்டிருக்கிறார்கள். பெருவழியில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். அந்த முடிவு எடுக்கப்பட்ட கூட்டத்தில் நானும் இருந்தேன். "நோயாளிகள் வந்தால் என்ன செய்வது?" என்று நான் கேட்டது உண்மை. "மக்கா, நம்ம ஊருக்கு ஏது ஆம்புலன்சு?" என்று யாரோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். நான் அந்தக் கேள்வியை நோட்டில் வலப்புறம் எழுதிக்கொண்டு, கையைத் தூக்காமலும் மறுக்காமலும் வீடு திரும்பினேன்.

ஆக, செல்லத்தாய்க்கு இருந்த ஒரே இடம் எங்கள் ஆஸ்பத்திரி. டாக்டர் அன்னம்மா பார்த்துவிட்டு உடனே வயிற்றைத் திறந்தாக வேண்டும் என்றார். வடக்கே மத்தியத் திருவிதாங்கூரைச் சேர்ந்தவர். பேச்சில் பாதி மலையாளம். முத்தையா இயந்திரத்தை ஓட்டினார். கால்மணி நேரத்தில் நர்சு ஓடி வந்து என்னை அழைத்தாள். ஆபரேஷன் மேசைக்கு நேர் மேலே, குளிர்காற்று வரும் சட்டத்திலிருந்து நீர் தெறித்துக்கொண்டிருந்தது. விரித்திருந்த பச்சைத் துணிகளெல்லாம் நனைந்துவிட்டன. அறையில் சாக்கடை நாற்றம்.

விசிறியை நிறுத்திவிட்டு ஆபரேஷன் செய்ய முடியாது. சன்னல்களை நான்தான் செங்கல் வைத்து அடைக்கச் சொல்லியிருந்தேன். தூசு வரும் என்று நன்மை தீமை எழுதிப் பார்த்து எடுத்த முடிவு. காற்றோட்டம் இல்லாத அறையில் ஈதர் கொடுத்தால், நோயாளிக்குமுன் கொடுப்பவர் மயங்கிவிடுவார். எஞ்சியிருந்தது புண் கட்டும் அறை ஒன்றுதான். தடியடி பட்டு வந்தவர்களின் சீழ்ப்புண்களை அன்று காலை முழுதும் அங்கேதான் கழுவியிருந்தார்கள்.

டாக்டர் அன்னம்மா கையுறையோடு வாசலில் நின்றார்.

"மோனே, அவிடெ ஈச்ச உண்டு, இவிடெ மழ உண்டு. ஏதெங்கிலும் ஒண்ணு நிறுத்து. பத்து மினிட் தராம். பின்னெ ஞான் அந்த முறியில கொண்டுபோகும்." அங்கே ஈ, இங்கே மழை; பத்து நிமிடத்தில் மழை நிற்காவிட்டால் புண் கட்டும் அறைக்கே கொண்டுபோய்விடுவார்.

இயந்திரம் ஆபரேஷன் அறையை ஒட்டிய ஒரு பரணில் இருந்தது. ஸ்விட்சும் வளைகுழாயும் கீழே, வெளிச்சுவரின் அருகில். நான் பரணில் ஏறினேன். முத்தையாவைக் கீழே ஸ்விட்சருகில் நிறுத்தினேன்.

"நிறுத்து!" என்றேன். விசிறி நின்றது. இயந்திரத்தின் கதவைக் கழற்றிப் பார்த்தேன். தட்டில் துளி நீர் இல்லை. கீழே குழாயில் சளசளவென்று இறங்கிப் போயிருந்தது. அடைப்பும் இல்லை. ஒரு குறையும் இல்லை.

"போடு!" என்றேன். சற்று நேரம் கழித்து விசிறி ஓடிற்று. அறையிலிருந்து நர்சின் குரல்: "வீழுது! பின்னயும் வீழுது!"

மறுபடி நிறுத்தச் சொன்னேன். மறுபடி தட்டு காய்ந்து கிடந்தது. அந்த நாள்களில் போலீசார் ஒரு வீட்டைச் சோதனையிட வரும்போது அங்கே ஒருவரும் இருக்கமாட்டார்கள். அவர்கள் போனதும் கூட்டம் கூடும். அதே போலிருந்தது. ஓடினால் குற்றம், நிறுத்தினால் நிரபராதி. நான் பெற்ற கல்வி முழுவதையும் துணைக்கழைத்தேன். இரண்டாம் முறை போடச் சொல்லி, சட்டைப்பையிலிருந்து கண்ணாடிக் குழாயை எடுத்து உறிஞ்சலை அளந்தேன். மறுபடி நிறுத்தச் சொல்லி, சுருளில் பனி கட்டியிருக்கிறதா என்று தடவினேன். வாயில் ஒரு திருகாணியைக் கவ்வியபடி, தட்டின் சாய்மானத்தை மனத்துக்குள் கணக்கிட்டேன். ஐந்து நிமிடம் போயிற்று.

இதைப் படிக்கும் இளைஞர்கள் இதற்குள் கேட்டிருப்பார்கள்: நிறுத்தியபோது தட்டிலிருந்த நீர் வளைகுழாய் வழியாகத்தானே இறங்கிற்று? அப்போது வளைவு தானாகவே நிரம்பியிருக்குமே? அடுத்த முறை ஓட்டும்போது சரியாகியிருக்க வேண்டுமே? மிகச் சரியான கேள்வி. அதை நானும் கேட்டேன். விடை கிடைக்காததால், இயந்திரத்தை உற்பத்தி செய்தவர்கள்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது.

"போடு!" என்று மூன்றாம் முறை கத்தினேன். விசிறி ஓடவில்லை. பதிலுக்குக் கீழே பேச்சுக்குரல். உள்ளே மனைவியருகில் நிற்க விடாததால் தங்கையன் வெளிச்சுவர் ஓரமாக வந்திருக்கிறார்.

"எலே மக்கா, நீ என்ன செய்யுத?"

"தண்ணியை ஒழிக்கேன் அண்ணாச்சி" என்றார் முத்தையா. "ஐயா போடச் சொல்லுதாவ. ஒழிச்சிட்டுத்தான போடணும்?"

"ஒழிக்கணும்ணா மேல இருந்துல்லா ஒழிக்கணும்? நீ அடியில தொறந்து களையுத!"

"களை எடுக்க இது என்ன வயலா? ஒழிக்கேன் அண்ணாச்சி."

"நீ ஒழிக்கல்ல. களையுத!"

"ஒழிக்காம பின்ன? இன்னா, சொட்டுத் தண்ணி இல்லாம ஒழிச்சாச்சு. ஐயா எழுதினபடி அட்சரம் பிசகலை."

எங்கள் ஊரில் களைவது என்றால் வெளியே கொட்டுவது. பரணிலிருந்து எட்டிப் பார்த்தேன். முத்தையா வளைகுழாயின் அடிமூடியைக் கையில் பிடித்தபடி நின்றார். கடைசி நீர் வாய்க்காலில் சொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை நான் நிறுத்தும்போதும் வளைவு தானாக நிரம்பியது. ஒவ்வொரு முறை நான் "போடு" என்றதும் அவர் பலகைக்குப் பணிந்து மூடியைத் திறந்து நீரை ஒழித்து, மூடியை மறுபடி இறுக்கி, அதன் பிறகே விசிறியை இயக்கினார். இயந்திரம் தன்னைத்தானே திருத்திக்கொள்ள மூன்று முறை முயன்றது. என் வாக்கியம் மூன்று முறையும் அதைத் தடுத்தது.

தங்கையன் சண்டையை நீட்டவில்லை. மூடியைப் பிடுங்கித் திருகி இறுக்கினார். கைகழுவும் தொட்டியிலிருந்து ஒரு செம்பு நீரை மோந்து மேல்வாயில் ஊற்றினார். களக் களக்கென்று இறங்கி அடங்கிற்று. "இனி போடு" என்றார். நான் இல்லை, அவர்.

அறைக்குள் பெரிய துளிகள் சில விழுந்தன, பிறகு சிறியவை, பிறகு ஒன்றுமில்லை. கீழே வாய்க்காலில், குழாயின் முனையிலிருந்து நூல்போல நீர் இறங்கத் தொடங்கியது. நர்சுகள் நனைந்த துணிகளை எடுத்துவிட்டுப் புதிதாக விரித்தார்கள். டாக்டர் அன்னம்மா என்னை ஒரு முறை பார்த்தார். கதவைச் சாத்திக்கொண்டார்.

நாங்கள் மூவரும் வெளிச்சுவர் அருகில் குந்தியிருந்தோம். செய்வதற்கு ஒன்றும் இல்லை. தங்கையன் அந்த நீர் நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அறுந்தால் உள்ளே மழை; அவருக்கு அது தெரியும். அவர் கண்ணை எடுக்கவே இல்லை. முத்தையா பலகையை மறுபடி படித்தார்; உதடு அசைந்தது.

"அண்ணாச்சி, நான் தப்பாப் படிச்சிட்டேனா?"

தங்கையன் திரும்பாமலே சொன்னார்: "போர்டுல செரியாத்தான் எழுதீருக்கு. நான் சொல்லி, சாறு எழுதினது."

நான் வாய் திறக்க வேண்டிய இடம் அது. வாயில் இன்னும் திருகாணி இருந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். இல்லை, அதை எப்போதோ துப்பியிருந்தேன். உண்மையைச் சொன்னால் என்ன விளையும், சொல்லாவிட்டால் என்ன விளையும் என்று மனத்துக்குள் கோடு கிழித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பரணுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அறையின் காற்றைத் திரும்ப இழுக்கும் தகரக் குழாய் வழியாக, விசிறியின் இரைச்சலுக்கு நடுவே, மெல்லிய, எரிச்சல் மிகுந்த ஓர் அழுகை. முத்தையா எழுந்துவிட்டார். தங்கையன் எழவில்லை. நீரைப் பார்த்தபடியே கேட்டார்:

"சாறே, மெஷினுக்க உள்ள இருந்தா கேக்குது?"

"அறைக்குள்ளிருந்து" என்றேன். "காற்றோடு வருகிறது."

"அப்பம் இன்னும் நிறுத்தப்பிடாது" என்றார். மேலும் முக்கால் மணி நேரம், தையல் முடிந்து கதவு திறக்கும்வரை, அவர் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள்.

அன்று மாலையே ஆஸ்பத்திரி மேலாளர், தற்காலிக ஆளின் கவனக்குறைவு என்று பதிவேட்டில் எழுதி, முத்தையாவை அனுப்பிவிட எண்ணினார். அப்போதுதான் வாய் திறந்தேன். பதிவேட்டில் என் கையாலேயே எழுதினேன்: கோளாறுக்குக் காரணம் பலகையின் வாசகம்; வாசகத்தை எழுதியவன் நான். மேலாளர் இரண்டு முறை படித்துவிட்டு, "இது இயந்திரக் கோளாறா, இலக்கணக் கோளாறா?" என்று கேட்டார். முத்தையா வேலையில் தொடர்ந்தார்.

கோதண்டராமனுக்கு ஏழு பக்கத்தில் விளக்கம் எழுதினேன். வெள்ளம், நீர், ஒழித்தல், ஊற்றுதல், இரு மொழிகளிலும் அவற்றின் வழக்கு, எல்லாம் இருந்தன. அவரிடமிருந்து ஒரு அஞ்சலட்டை வந்தது: "மிஸ்டர் பி.எஸ்ஸி., பலகையை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் ஒரு செம்பைக் கட்டித் தொங்கவிடுங்கள்." அப்படியே செய்தேன். அதன் பிறகு நான் அமைத்த ஒவ்வொரு இயந்திரத்திலும் வளைகுழாயின் மேல்வாயருகில் சங்கிலியில் ஒரு செம்பு தொங்கியது. அதைத் தவறாகப் படித்தவர் ஒருவரும் இல்லை. திருடியவர்கள் உண்டு.

என் சொற்பட்டியலையும் திருத்தினேன். முதல் பக்கத்தில் "தண்ணீர்" என்பதன் பக்கத்தில், இவ்வூர்களில் வெள்ளம் என்றும் சொல்வர் என்றும், கடைசிப் பக்கத்தில், ஒழித்தல் என்பதற்கு இங்கே ஊற்றுதல் என்று பொருள், பட்டியலைத் தொகுத்தவரும் அவ்வாறே பேசுகிறார் என்றும் குறிப்பு சேர்த்து, மனு எழுதும் நண்பர்களிடம் கொடுத்தேன். அந்தக் குறிப்புகளை அவர்கள் ஒழித்துவிட்டார்கள். இங்கே சொல் தமிழ்ப் பொருளில் வருகிறது. பிறகு எல்லை எங்கே விழுந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். எங்கள் தாலுகா இந்தப் பக்கமே நின்றது. என் பட்டியல் எந்தப் பக்கத்துக்கும் பயன்பட்டதாகத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் சொல்ல விட்டுப்போயிற்று. ஆபரேஷனுக்கு மறுநாள் காலையில் செல்லத்தாயைப் பார்க்க வார்டுக்குப் போனேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் துணித்தொட்டிலில் அந்த எரிச்சல்காரி. வழி நெடுகக் கோர்த்து வைத்திருந்த மன்னிப்பு வாசகத்தை நான் தொடங்கினேன். நன்றாகக் கட்டப்பட்ட வாசகம். மூன்று எச்சங்கள், ஒரு முற்று. இரண்டாம் எச்சத்தில், சன்னலுக்கு வெளியே ஊர்வலம் ஒன்று போயிற்று. "ஒழிக! ஒழிக!" என்று குரல்கள் சுவரில் மோதின. என் நண்பர்களின் குரல்களும் அதில் இருந்தன. எது ஒழிய வேண்டும் என்பது சரியாகக் கேட்கவில்லை.

குழந்தை விழித்துக்கொண்டது. தங்கையன் ஒரு கையால் தொட்டிலை ஆட்டினார். மறு கையில் கருப்பட்டிக் காப்பி வைத்திருந்த தூக்குப் பாத்திரம். நான் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

"சாறே நின்னே சாகாண்டாம், இரியும்" என்றார். "ஒரு கிளாசு காப்பி ஒழிக்கட்டா?"

நான் மூன்றாம் எச்சத்தை விட்டுவிட்டு, கிளாசை நீட்டினேன்.

"ஒழியும்" என்றேன்.